பெருக்கத்தைத் துறந்த ஆம்ப்ளிஃபையர்

வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு ஸ்பீக்கர்களை நிறுத்தி, அவற்றுக்கேற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேடிக் கடைக்குச் செல்பவர் முதலில் விசாரிப்பது எத்தனை வாட் என்பதைத்தான். அக்கருவியின் சரித்திரமோ, கைக்கு வந்த பெருக்கத்தில் பெரும் பகுதியை மனமுவந்து இழக்கத் துணிந்த ஒருவரைத்தான் அதன் உத்தாரகராகக் காட்டுகிறது.

1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அமைத்த, வால்வு என்னும் எலக்ட்ரான் குழாயைப் பிறர் செம்மைப்படுத்தியதன் பயனாக, 1915-ல் நியூயார்க்கிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோ வரை டெலிபோனில் பேச முடிந்தது. ஆனால் வால்வு, குரலைப் பெருக்கும்போதே சற்றுத் திரிக்கவும் செய்தது. வழியிலுள்ள நிலையங்களில் ஒன்று செய்த திரிபை அடுத்தது மேலும் பெருக்கியதால், ஒரே கம்பியில் பல உரையாடல்களை நெடுந்தூரம் அனுப்பும் முயற்சி தடைப்பட்டு நின்றது.

1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்ஸன் நதியைக் கடக்கும் லாக்கவானா படகில் பெல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த 29 வயது ஹெரால்ட் பிளாக்குக்கு இதன் பரிகாரம் புலப்பட்டது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஒரு பக்கத்திலேயே அவர் படமும் சமன்பாடும் எழுதினார். ஆபீஸ் சேர்ந்ததும் சகா ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட்டார். வெளிவரும் சமிக்ஞையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பி அனுப்பினால், கருவி தானாகச் சேர்த்த திரிபு பெருமளவு அழிந்துபோகும். ஆனால் பெருக்கமும் அதே விகிதத்தில் குறையும். பெருக்குவதற்கென்றே பிறந்த கருவியைக் குறைவாகப் பெருக்கச் செய்யும், பின்னூட்டம் என்னும் இந்த யோசனையை உலகம் எளிதில் ஏற்கவில்லை. அமெரிக்கப் பேடண்ட் கிடைக்க 1937 ஆயிற்று. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை நித்திய இயக்க யந்திரம் கோரும் விண்ணப்பத்தைப்போலவே நடத்தினார்கள் என்று பிளாக்கே பிற்காலத்தில் எழுதினார். எனக்கோ ஒலிக் கலையில் இதைவிட அழகான எண்ணம் தென்படவில்லை.

டெலிபோனுக்காகப் பிறந்த அந்தப் பின்னூட்டத்தை வீட்டுச் சங்கீதத்துக்கு உபகாரமாக்கியவர்களில் டி. டி. என். வில்லியம்ஸன் தலையாயவர். 1947-ல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ பத்திரிகையில் அவர் வெளியிட்ட அமைப்பு தந்தது வெறும் 15 வாட், திரிபோ 0.1 சதவிகிதத்துக்கு மேற்படாது. அதைப் பார்த்துப் பல தேசங்களில் பொழுதுபோக்குக்காரர்கள் தங்கள் கையாலேயே கருவி செய்து இசை கேட்டார்கள்.

பின்பு டிரான்ஸிஸ்டர் வந்து வாட் மலிந்தது. மலிந்ததும் விளம்பரத்தில் உண்மை குறைந்தது. கணநேர உச்ச அளவைக் குறிக்கும் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்டை அச்சிட்ட பெட்டிகளை நம் கடைவீதிகளும் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் இத்தகைய மிகைக்கூற்றைத் தடுக்கவே, இடைவிடாது தரும் சக்தியை, அப்போதுள்ள திரிபு, அலைவரிசை, ஸ்பீக்கரின் ஓம் ஆகியவற்றோடு சொல்லவேண்டுமென 1974-ல் விதி செய்தார்கள். அது இரண்டு சானல் காலத்து விதி. 1982-ல் டால்பி சரவுண்ட் வீட்டுக்குள் வந்தபின் சானல்கள் பெருகின. ஒரே பெட்டியில் ஐந்தும் ஏழும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கிட்டுக்கொண்டன. ஆகையால் பட்டியலில் 100 வாட் என்றிருப்பது, இரண்டு சானல்களை மட்டும் இயக்கி அளந்ததா, அனைத்தையும் சேர்த்து இயக்கி அளந்ததா என்பதை அடிக்குறிப்பில் தேடிப் படித்துவிட்டே வாங்கவேண்டும்; பல கருவிகளில் இரண்டுக்கும் இடையே கணிசமான பேதம் உண்டு.