குடியை விட மீட்டிங் போகணுமா? தியாகதுருகத்தில் இருந்து கிளம்புறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது!

டாஸ்மாக் வாசல்ல நின்னா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. 'குடியை விட மீட்டிங் போறேன்'னு சொன்னாத்தான் டீக்கடையில ஆரம்பிச்சு சொந்தக்காரங்க வரைக்கும் விசாரிப்பாங்க. தியாகதுருகம் மாதிரி, ஒரு தெருவுல இருக்கிறவரை அடுத்த தெருவுக்கே தெரியுற ஊரில் பலரைத் தடுக்கிறது இந்தக் கூச்சம்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதுக்கப்புறம் ரெய்டு, கைது, விசாரணைன்னு நிறைய பேசினோம். தினமும் குடிக்கிற ஒருத்தர் 'போதும்'னு முடிவு பண்ணினா அடுத்து எங்கே போறதுன்னு பேசினது குறைவு. அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவங்க வீறாப்பா ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை சில மணி நேரத்திலேயே தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள்களில் இல்லாத உருவம் தெரியுறது, நேரம் இடம் புரியாம உளறுறதுன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால முதல் பஸ் மீட்டிங்குக்கு இல்லை, டாக்டர்கிட்ட. பக்கத்துலயே கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. மனநலப் பிரிவு எதுன்னு கேட்டுப் போங்க. எவ்வளவு குடிக்கிறீங்க, கடைசியா எப்போ குடிச்சீங்கன்னு ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க.

உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும்தான் மீட்டிங். இதில் பழையது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமா ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், குடியில் சிக்கிய ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சதில் ஆரம்பிச்சது. இந்தியாவுக்கு 1950-களிலேயே வந்துடுச்சு. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தணும்கிற ஆசை. கட்டணம் கிடையாது; அட்டெண்டன்ஸ், ஆதார் எதுவும் கேட்க மாட்டாங்க. உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடுற காசில்தான் டீயும் வாடகையும். 'சும்மா பேசினா குடி நிக்குமா?'ன்னு கேட்டா, 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020 காக்ரேன் ஆய்வறிக்கையைச் சொல்லலாம். தொடர்ந்து குடிக்காம இருக்கிற விஷயத்தில், ஏ.ஏ. வழியோடு இணைத்த முறையான சிகிச்சை மத்த பல சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்ததா அது சொல்லுது.

சரி, எந்த மீட்டிங்? கிட்ட இருக்கிறதுதான் நல்லதுன்னு அவசியமில்லை. தெரிஞ்ச முகம் வந்துடுமோங்கிற பயம் இருந்தா விழுப்புரம், சேலம்னு வேற ஊருக்குப் போங்க. அங்கே வர்றவங்களும் குடியால அடிபட்டவங்கதான், யாரைப் பார்த்தோம்னு வெளியில சொல்லக் கூடாதுங்கிறது அங்கே அடிப்படை ஒழுங்கு. இருந்தாலும் முதல் நாள் பயம் நிஜம்தானே, அதை மதிக்கலாம்.

நேரமும் இடமும் மாறிக்கிட்டே இருக்கும். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் பார்த்து, அங்கிருக்கிற எண்ணுக்குப் போன் பண்ணி உறுதி செஞ்சுட்டுக் கிளம்புங்க. போன்லயே 'ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா?'ன்னு கேளுங்க. ஓப்பன்னா வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போகலாம், க்ளோஸ்டுன்னா குடிப்பிரச்னை இருக்கிறவங்களுக்கு மட்டும். பல இடங்களில் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடக்கும். அதைப் பார்த்துட்டு 'மதம் மாத்துவாங்களோ'ன்னு திரும்பி வந்துடாதீங்க, வாடகை குறைவுங்கிறதுதான் பெரும்பாலும் காரணம். 'நம்மை மீறிய சக்தி'ன்னு பேசுவாங்க. அது என்னன்னு நீங்களே வெச்சுக்கலாம், ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்தது கிடையாது.

ஒரே ஒரு தடவை போய்ட்டு 'செட் ஆகலை'ன்னு விட்டுடாதீங்க. ஒரு குரூப்ல எல்லாரும் அப்பா வயசுக்காரங்களா இருப்பாங்க, இன்னொண்ணுல உங்க வயசுல நாலு பேர் இருக்கலாம். நாலைஞ்சு மீட்டிங் வெவ்வேறு குரூப்ல உட்காருங்க. பேசணும்னு கட்டாயம் இல்லை, பேரைச் சொல்லிட்டுக் கேட்டுட்டு வரலாம். ஒருத்தர் பேசும்போது குறுக்கே புத்திமதி சொல்றாங்களா, கிண்டல் பண்றாங்களா, டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்களா? அப்படின்னா அந்த இடம் வேண்டாம். பெரிய தொகை கேட்கிறதும், ஆளை அடைச்சு வைக்கிறதும் ஏ.ஏ. கூட்டத்தில் நடக்காது. தங்கிச் சிகிச்சை எடுக்கிற மறுவாழ்வு மையம் வேற. அங்கே சேரும் முன் மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கான்னு கேளுங்க.

தொடக்கத்தில் '90 நாளில் 90 மீட்டிங்'னு ஏ.ஏ.வில் ஒரு பேச்சு உண்டு. கூலி வேலைக்குப் போறவர் தினமும் சேலத்துக்கு பஸ் ஏற முடியுமா? வாரம் ஒண்ணு நேர்ல, மத்த நாள் போன்ல ஆன்லைன் மீட்டிங்னு கலந்து வெச்சுக்கலாம். கேமராவை அணைச்சு, பேரைச் சுருக்கி உட்காரலாம். குடிப்பிரச்னை உள்ள பெண்களுக்கு இது கூடுதல் வசதி. ஆம்பளைங்க மட்டுமே இருக்கிற அறைக்குள்ள நுழையுற தயக்கம் இல்லை. கல்வராயன் மலையில் சிக்னல் சரியா கிடைக்காத ஊர்களில் இது கஷ்டம். சந்தைக்கோ வேலைக்கோ கீழே இறங்குற நாளோடு மீட்டிங் நாளைப் பொருத்திக்கணும்.

அடுத்த மீட்டிங் வரைக்கும் இடையில் குடிக்கணும்னு வெறி வந்தா? மூத்த உறுப்பினர் ஒருத்தரின் நம்பரை முதல் நாளே வாங்கி வெச்சுக்கோங்க. ஏ.ஏ.வில் 'ஸ்பான்சர்'னு சொல்ற வழிகாட்டியும் பின்னாடி இவங்கள்ல ஒருத்தரா இருப்பாங்க. யாரும் எடுக்கலைன்னா போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனசு தாங்கலைன்னா டெலிமானஸ் 14416.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. 'அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுங்க'ன்னு விளம்பரம் வர்ற மருந்தை வாங்கவே வாங்காதீங்க. அதில் டைசல்ஃபிரம் இருந்து, அவர் வழக்கம்போல குடிச்சா உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்கிறவர் வரலைன்னாலும் குடும்பத்தினர் தனியா போறதுக்கு அல்-அனான்னு ஒரு கூட்டம் இருக்கு. மனைவியோ அம்மாவோ மகனோ, அவர் திருந்துறதுக்குக் காத்திருக்காம நேரா அங்கே போகலாம்.