தடை போட்ட துணியில ஒரு போர்வை

பழைய நூல் புடவையை மடிச்சுத் தைச்சு, பொறந்த குழந்தைக்கு விரிக்கிறது நமக்குப் புதுசில்ல. இங்கிலாந்தின் ஒட்டுத்துணிப் போர்வைக் கதையிலயும் நம்ம நாட்டுத் துணி இருக்கு.

சோழமண்டலக் கரையில், சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏத்தின பருத்தித் துணி லண்டன்ல சக்கைப்போடு போட்டது. அங்கத்திய நெசவாளர்கள் கொதிச்சாங்க. 1701-ல் இறக்குமதிக்குத் தடை. 1721-ல் உடுத்தவே தடை. அது 1774 வரை நீடிச்சது.

கிடைக்காத துணியில வெட்டுத் துண்டும் பொக்கிஷம்தானே? லெவன்ஸ் ஹால் மாளிகையில், சுமார் 1708-ல் இந்தியச் சாயத்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைச்ச போர்வை இன்னும் இருக்கு. வீட்டுப் பெண்களே தைச்சதா சொல்றாங்க.

அதனால, ஃப்ரெண்டுக்குப் போர்வை தைக்கும்போது மிஞ்சின துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க!