ராஜா சர் அண்ணாமலை செட்டியார்

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் (1881–1948) கானாடுகாத்தானில் பிறந்த நகரத்தார் வங்கியாளர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். 1923இல் சர் பட்டமும், 1929இல் பரம்பரை ராஜா பட்டமும் பெற்றார்.

பிறர் பணத்தை முதலீடு செய்து லாபத்தில் பங்கு பெறும் 'பிரைவேட் ஈக்விட்டி' என்ற பெயர் அன்று இல்லை. அதற்கு நெருங்கிய தொழில் இருந்தது. நகரத்தார் அதைக் 'கொண்டுவிற்கப் போதல்' என்றார்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ அவருடைய முகவரான மேலாள் வட்டிக்கடையை நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்றாண்டுத் தவணை, சம்பளம், மேற்கொண்டு லாபத்தில் ஒரு பங்கு. இன்றைய நிதி மேலாளருக்கும் ஊதியத்தின் அமைப்பு இதுதான்.

1906இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் முறிந்து பலரின் சேமிப்பு போனது. மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது; அதன் தொடக்ககால இயக்குநர்களில் அண்ணாமலை செட்டியாரின் அண்ணன் ராமசாமி செட்டியாரும் ஒருவர். சிதம்பரத்தில் பள்ளி கண்டவரும் அவரே.

லாபத்தில் மகமை எடுத்துக் கோயிலுக்கு வைப்பது நகரத்தார் வழக்கம். தம்பி அந்தக் கணக்கைக் கல்லூரிப் பக்கம் திருப்பினார். 1920இல் மீனாட்சி கல்லூரி வந்தது. அங்கு அமைந்த தமிழ்க் கல்லூரிக்கு உ.வே. சாமிநாதையர் முதல்வராக இருந்தார். பிறகு 20 லட்சம் ரூபாய் கொடுக்க, 1929இல் பல்கலைக்கழகம் உருவானது. சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே நடராசர் கோயிலும் ஊரும், கிழக்கே பல்கலைக்கழகம் அமைந்த அண்ணாமலைநகர்.

கொடுத்தவர் கையைக் கழுவிவிடவில்லை. நிறுவனரே இணைவேந்தர், அவருக்குப் பின் வாரிசு, துணைவேந்தருக்கான பெயர்களைப் பரிந்துரைப்பதும் அவர்கள் உரிமை என்று சட்டமே சொன்னது. கொடை என்பதைவிட முதலீட்டாளரின் ஒப்பந்தம் போலத்தான் இது தெரிகிறது.

அந்தப் பணத்தின் மறுபக்கம் பர்மாவில் இருந்தது. 1930களில் நெல் விலை சரிய, கடன் திரும்பாமல் நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ் பர்மா நெல்நிலத்தில் செட்டியார்களிடம் 1930இல் சுமார் 6 விழுக்காடு இருந்தது, 1938இல் 25. அங்கே கசப்பு வளர்ந்ததில் வியப்பில்லை. சுதந்திர பர்மா அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது.

இசையில் அண்ணாமலை செட்டியார் பிடிவாதக்காரர். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு ஒதுக்கப்பட்டபோது தமிழிசை இயக்கத்துக்குப் பணமும் ஆதரவும் தந்தார். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. பின்னாளில் அச்சங்கம் தேவாரப் பண்களை ஆராய ஆண்டுதோறும் மாநாடு கூட்டியது.

செட்டியாருக்குப் பின் மகன் முத்தையா செட்டியாரும் பேரன் எம்.ஏ.எம். ராமசாமியும் இணைவேந்தர்களாயினர். பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்க, 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தை ஏற்றது. அதன்படி இணைவேந்தர் நாற்காலி உயர்கல்வி அமைச்சருக்குப் போனது.