நாய், பூனைக்கு ஆபரேஷன்: எதற்கு உடனே ஓடணும், எதற்குக் காத்திருக்கலாம்?

"நாய் ரெண்டு நாளா சாப்பிடல. தண்ணி மட்டும் குடிச்சிக்கிட்டே இருக்கு. வெயில்தான் காரணம்னு விட்டுட்டோம்."

கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அந்த நாய் கருத்தடை செய்யாத, ஐந்தாறு வயதைத் தாண்டிய பெட்டையாக இருந்தால், மருத்துவருக்கு வரும் முதல் சந்தேகமே வேறு. கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அப்படியென்றால் அந்த இரண்டு நாள் ரொம்பவே பெரிய நாள்.

பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் நாயோ பூனையோ வளர்கிறது. ஆனால், நம்ம ஊர்ப்பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைகளில் வேலையின் பெரும்பகுதி மாடும் ஆடும்தான். காயத்துக்குத் தையல், சின்னச் சின்ன ஆபரேஷன் எல்லாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். வயிற்றைத் திறக்க வேண்டிய பெரிய சிகிச்சை, எலும்புக்கு பிளேட் வைப்பது என்றால் பெரும்பாலும் பயணம்தான். மேற்கே போனால் சின்னசேலத்தைத் தாண்டி தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி. வடகிழக்கே புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. அதையும் தாண்டினால் 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரி.

எங்கே போனாலும் சில மணி நேரம் வழியிலேயே போய்விடும். அதனால், எது இன்றைக்கே கிளம்ப வேண்டிய பிரச்னை என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

கர்ப்பப்பையில் சீழ்

பெட்டை நாய் பருவத்துக்கு வந்து போன நாலு முதல் எட்டு வாரத்துக்குள் இது வருவது வழக்கம். ஹார்மோன் மாற்றத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்து, கிருமி வளர வசதியான இடமாகிவிடுகிறது. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, சோர்வு, வாந்தி ஆகியவை அறிகுறிகள். பின்பக்கம் சீழோ ரத்தம் கலந்த நீரோ வடிந்தால் கண்டுபிடிப்பது சுலபம்.

ஆபத்தானது வடியாத வகைதான். கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, வயிறு மட்டும் லேசாகப் பெருத்திருக்கும். 'சினையா இருக்கு போல' என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உள்ளே கர்ப்பப்பை கிழிந்தாலோ, விஷம் ரத்தத்தில் ஏறினாலோ பிழைப்பது கஷ்டம்.

இது அபூர்வ நோய் கிடையாது. வளர்ப்பு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பழக்கம் அதிகம் இல்லாத ஸ்வீடனில், காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். பத்து வயதுக்குள் சுமார் நாலு அல்லது ஐந்து பெட்டை நாய்களில் ஒன்றுக்கு இது வந்திருந்தது. முதலில் குளுக்கோஸ், ஆன்டிபயாடிக் கொடுத்து உடம்பைத் தேற்றி, பிறகு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு.

கடுவன் பூனை முக்கிக்கொண்டே இருந்தால்...

அடுத்தது பூனை வீட்டுக்காரர்களுக்கு. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பவர்கள் 'மலச்சிக்கல்' என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். உண்மையில் அடைத்திருப்பது பெரும்பாலும் சிறுநீர்ப் பாதை. கடுவனுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். சிறுநீரில் உள்ள படிகமும் சளியும் சேர்ந்தால் போதும், மூடிக்கொள்ளும்.

சிறுநீர் முழுசாக நின்றுவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவே கூடாது, பை வெடித்துவிடலாம். மருத்துவர் மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுப்பார். திரும்பத் திரும்ப அடைத்தால்தான் ஆபரேஷன்: குறுகலான நுனிப்பகுதியை நீக்கி அகலமான வழி அமைப்பார்கள். இரவு பதினொரு மணிக்குத் தெரிந்தாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று விடக்கூடாத பிரச்னை இது.

வேறு அவசரங்கள்

ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போல நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். வயிறு மத்தளம் மாதிரி உப்பும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது. இங்கே கணக்கு மணியில்தான், நாளில் இல்லை.

பிரசவ நேரத்தில் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் வடிந்தாலோ சிசேரியன் தேவைப்படலாம்.

மாங்கொட்டை விழுங்கிய நாய்க்குக் குடல் அடைத்துக்கொள்வது சீசன் தோறும் நடப்பதுதான். பூனை நூலை விழுங்கி, நுனி வாயிலோ பின்பக்கமோ தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடல் அறுந்துபோகும்.

கட்டி என்றால் உடனே கத்தியா?

மார்புக்காம்பு வரிசையில் வரும் கட்டிகளில், நாய்க்கு ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். பூனைக்கு பத்தில் எட்டுக்கு மேல். பட்டாணி அளவில் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். அதே நாளில் ஓட வேண்டியதில்லை, ஆனால் மாதக்கணக்கில் தள்ளவும் கூடாது. தொப்புள் குடலிறக்கம், காது மடலில் ரத்தம் கட்டி பலூன் போல வீங்குவது போன்றவற்றுக்கும் நாள் குறித்துச் செய்யலாம்.

ஆபரேஷனே தேவைப்படாத கட்டி ஒன்றும் இருக்கிறது. தெருவில் சுற்றிவரும் நாய்களின் பிறப்புறுப்பில் பூக்கோசு போல வளர்ந்து ரத்தம் சொட்டும். இனச்சேர்க்கையில் புற்றுநோய் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் செல்கள்தான் இன்றும் உலகமெங்கும் இப்படிப் பரவிக்கொண்டிருக்கின்றன என்பது மரபணு ஆய்வுகளின் முடிவு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்களில் பெரும்பாலான நாய்கள் குணமாகிவிடும்.

கருத்தடை: 'ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே'

இப்படிச் சொல்பவர்கள் நிறைய. ஒருமுறை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சீழ் பிரச்னைக்கே கிட்டத்தட்ட இடமில்லை, சீக்கிரம் செய்தால் மார்புக்கட்டி வாய்ப்பும் குறைகிறது. நாய்க்குப் பொதுவாக ஆறு மாதம், பூனைக்கு நாலைந்து மாதம் என்பார்கள். பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ந்து முடியட்டும் என்று ஒரு வயதுக்கு மேல் தள்ளச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பதிலாகக் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டே போவது நல்லதல்ல. அந்த ஹார்மோனே சீழுக்கும் கட்டிக்கும் வழி செய்யும். காவல் குணம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். எடை கூடும் என்பது மட்டும் உண்மை, சோற்றின் அளவைக் குறைத்தால் சமாளிக்கலாம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய் என்றால் முதலில் காதைப் பாருங்கள். நுனியில் வெட்டு அடையாளம் இருந்தால் ஏற்கெனவே கருத்தடை செய்திருப்பார்கள்.

மேசைக்குப் போகும் முன்

நம்ம ஊரில் உண்ணி இல்லாத நாய் குறைவு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும், வெளியே ஆரோக்கியமாகவே தெரியும். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினால் 'எதுக்கு வீண் செலவு' என்று தவிர்க்காதீர்கள். கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும். இனத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிவிடும், எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பத்து முதல் பதினாலு நாள், கழுத்தில் கூம்பு கழற்றக் கூடாது. பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ராத்திரி நக்கினால் தையல் பிரிந்துவிடும். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். பீங்கான் பட்டறைகளை ஒட்டி வளரும் நாய்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உடைந்த சில்லு பாதத்தைக் கிழித்துத் தையல் போட்டிருந்தால், ஆறும் வரை கட்டு நனையாமல் கயிற்றோடு மட்டும் வெளியே விடுங்கள்.

வலியில் முனகுகிறதே என்று வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு 500 மி.கி. பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. நாய்க்கு இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் இரைப்பை புண்ணாகி, சிறுநீரகம் பழுதாகும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.