எலி எண்ணிய வரலாறு



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். ராஜாக்கள் வரலாறு எனக்குத் தெரியாது. படித்தது விலங்கியல், ஊர் ஜவளகிரி. ஆகவே எலி வரலாறு எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள்!

ஜவளகிரி என்றதும் கென்னத் ஆண்டர்சன் எழுதிய ஆட்கொல்லிப் புலிதான் பலருக்கு ஞாபகம் வரும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ புலியைவிட எலிக்குத்தான் அதிகம் பயந்தார்கள். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்து, கொல்லையில் குடிசை போட்டுக்கொள்வார்களாம். காரணம் பிளேக். 1896-ல் பம்பாயில் புகுந்த நோய், 1898-ல் ரயிலேறி பெங்களூர் வந்தது. அங்கிருந்து நம் எல்லை என்ன தூரமா?

அதே 1898-ல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர், எலியிடமிருந்து நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று கண்டுபிடித்தார். பிற்பாடு எலியையும் தெள்ளையும் எண்ணுவதே சுகாதாரத் துறையின் வேலைகளில் ஒன்றாயிற்று. மாலையில் பொறி வைத்து, காலையில் 100 பொறிக்கு எத்தனை எலி என்று கணக்கு. ஒவ்வொரு எலியையும் சீவி, தெள்ளு எண்ணுவார்கள். பிளேக் பரப்பும் வகைத் தெள்ளு எலிக்குச் சராசரி ஒன்றைத் தாண்டினால் அபாயம்.

1966-ல் கோலார் மாவட்டம் முல்பாகலில் கண்டதோடு மனிதருக்கு பிளேக் வருவது நின்றது. "ஒழிஞ்சது சனியன்" என்றார்கள் மக்கள். ஆனால் கிருமிக்கு இருப்பிடம் வீட்டெலி அல்ல, கொல்லை வரப்பில் வளை தோண்டும் வெள்ளெலி. கிருமியை ஓரளவு தாங்கிக்கொண்டு அது உயிர் வாழும். ஆகவே தேசிய தொற்றுநோய் நிறுவனத்தின் பெங்களூர்ப் பிரிவு, மூன்று மாநிலங்களும் சந்திக்கும் நம் பகுதியில் எலி பிடித்து ரத்தப் பரிசோதனை செய்துவந்தது. எலி தின்னும் நாய்களின் ரத்தத்தையும் பார்த்தார்கள். நோயே இல்லாத ஊரில் எதற்கய்யா இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு.

பதில் 1994-ல் வந்தது. 1993 லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு, அக்கம்பக்க ஊர்களில் ஆள் இல்லாத வீடுகளில் தானியம் கிடந்தது, எலி பெருகியது. மறு ஆண்டு ஆகஸ்டில் பீட் மாவட்டம் மாம்லாவில் எலி செத்து விழுந்தது. அடுத்த மாதம் சூரத். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். இது பிளேக்தானா என்று நிபுணர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். 28 வருடம் பழக்கம் விட்டுப்போனதன் விலை அது.

மாணவத் தம்பி தங்கைகளே! 40 எலிகளைப் பிடித்துக் குறியிட்டு விடுங்கள்; மறுபடி 40 பிடியுங்கள்; அதில் 10-ல் குறி இருந்தால் அந்தக் கொல்லையில் சுமார் 160 எலி. உங்கள் பாடத்தில் வரும் இந்தச் சின்னக் கணக்கை, ஒன்றும் நடக்காத வருடங்களில் போட்டுவைத்தால்தான் நடக்கிற வருடத்தில் ஊர் பிழைக்கும். ஓசூரில் விலங்கு வழி நோய்களுக்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.