சுவிட்சை யார் அணைத்தது?

ஊட்டிக் குளிரில் காபி ஆற எவ்வளவு நேரமாகும்? டபராவில் நாலு ஆற்று ஆற்றினால் போச்சு! இந்த லட்சணத்தில் காபி மேக்கர் வேறு தானாக அணைந்தால் கடுப்பாகத்தான் இருக்கும். 'அதைக் கழற்றி எறி' என்று கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். சூட்டில் வெவ்வேறு அளவு நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டினால் தகடு வளையும். 18-ம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் இதைக் கடிகாரத்துக்குள் வைத்தார். அதே சூட்சுமத்தில்தான் 1955-ல் ரஸ்ஸல் ஹாப்ஸ் கம்பெனியின் கெட்டில், கொதித்ததும் தானே அணைந்தது.

டைமர் வேறு கதை. அது சிக்கன சமாசாரம். 2015 முதல் ஐரோப்பாவில் புது ஃபில்டர் காபி மேக்கர், சாதா ஜாடி என்றால் 40 நிமிஷத்திலும், சூடு தாங்கும் ஜாடி என்றால் 5 நிமிஷத்திலும் அணைந்தாக வேண்டும். ஆனால் உள்ளே தெர்மல் ஃப்யூஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது வீடு பற்றிக்கொள்ளாமல் இருக்க! டைமரைத் தேடிக் கை வைப்பவர் அதையும் சேர்த்துப் பிடுங்கினால்? மரத்தளமும் கம்பளமுமாக இருக்கிற குன்னூர் பழைய பங்களாவை நினைத்துப் பாருங்கள்.

பேசாமல் பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். 1892-ல் ஜேம்ஸ் ட்யூவார் கண்டுபிடித்தது, கரண்ட்டே கேட்காது. பாவம், மனுஷர் காப்புரிமை வாங்கவில்லை. 'தெர்மாஸ்' என்று பெயர் சூட்டி, கல்லா கட்டியது ஜெர்மன்காரர்கள்!