பாதியாக வெட்டிய ஊசிப்பை

நம்ம வீடுகளில் ஊசி நூல் எதில் இருக்கும்? பெரும்பாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். பிஸ்கட் இருக்கும்னு ஆசையா திறந்து, பட்டனையும் ஊக்கையும் பார்த்து ஏமாந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும் :-)

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் இந்த டப்பா வேலையைச் செய்தது ஒரு சின்னத் துணிப்பை. அதுக்குப் பெயர் என்ன தெரியுமா? 'ஹவுஸ்வைஃப்'. ஆமாங்க, இல்லத்தரசிதான். பேச்சு வழக்கில் தேய்ந்து 'ஹஸ்ஸிஃப்' ஆகிவிட்டது. நீளவாக்கில் ஒரு துணிப்பட்டை. அதில் நூல்கண்டு, கத்தரி, பட்டன் வைக்க வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஊசி குத்தி வைக்க ஒரு கம்பளித் துணி ஏடு. எல்லாத்தையும் வைத்துச் சுருட்டி, ஒரு ரிப்பனால் கட்டிவிட்டால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்தக் காலப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் தனியாக ஒரு பை கட்டிக்கொள்வார்கள் (நம்ம பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்குக் கொஞ்சம் பெரிய அக்கா). அதற்குள் இது போய்விடும்.

இதை யாரும் புதுத்துணி எடுத்துத் தைக்கவில்லை. கவுன் தைத்த மிச்சம், கிழிந்த சட்டையில் கிழியாத பகுதி, இப்படிக் கிடைத்த பிட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத்தான் தைத்தார்கள். அதனால் ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மாதிரி. ஒரு பையைப் பிரித்துப் பார்த்தால் அந்த வீட்டில் பத்து வருஷம் என்ன துணி உடுத்தினார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பைகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முழுப் பை கூட இல்லை, பாதி.

லண்டனில் தாமஸ் கோரம் என்கிற கப்பல் கேப்டன் தெருவில் விடப்பட்ட குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், பதினேழு வருஷம் பெரிய மனிதர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கி, 1739ல் அரச சாசனம் வாங்கி ஒரு அனாதைக் குழந்தைகள் இல்லம் ஆரம்பித்தார். பேர் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். ஹாஸ்பிடல் என்றால் இங்கே ஆஸ்பத்திரி இல்லை, காப்பகம். 1741 மார்ச்சில் முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். வளர்க்க வழியில்லாத தாய்மார் குழந்தையைக் கொண்டுவந்து விடலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உள்ளே போனதும் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்து வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் புதுப் பெயர் தாய்க்குத் தெரியாது. குழந்தைக்குத் தாயின் பெயர் தெரியாது.

அப்படியானால் நாளைக்கு வசதி வந்து, பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்தால்? யார் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படிவம். எந்தத் தேதி, ஆணா பெண்ணா, என்ன உடுத்தியிருந்தது என்று குறித்துக்கொண்டு, பல சமயம் குழந்தையின் உடையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குண்டூசியால் அதிலேயே குத்திவைத்தார்கள். சில தாய்மார் தாங்களே ஒரு அடையாளம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு காசு, ஒரு மோதிரம், ஒரு ரிப்பன், சீட்டுக்கட்டில் பாதிச் சீட்டு... எதுவானாலும் சரி, திரும்பி வரும்போது சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்படிச் சேர்ந்த துணித்துண்டுகளில் ஏறக்குறைய 5,000 இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரிட்டனில் 18ஆம் நூற்றாண்டு சாமானியர்கள் உடுத்திய துணிகளின் மிகப் பெரிய சேகரிப்பு இதுதான். பணக்காரர்களின் பட்டும் ஜரிகையும் மியூசியத்துக்குப் போய்விடும். ஏழைகளின் துணி கந்தலாகி, கடைசியில் காகிதம் செய்யப் போய்விடும். பிரிவின் சாட்சியாக நின்றதால்தான் இவை மட்டும் பிழைத்தன. இவற்றை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஸ்டைல்ஸ் என்கிற வரலாற்றுப் பேராசிரியர். 2010ல் லண்டன் ஃபவுண்ட்லிங் மியூசியத்தில் அவர் வைத்த கண்காட்சி இந்தத் துண்டுகளைப் பற்றித்தான்.

1767 பிப்ரவரி 11. சாரா பெண்டர் என்ற பெண் சார்லஸ் என்ற தன் ஆண்குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். படிவ எண் 16516. அவள் கொடுத்த அடையாளம் பிட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு ஊசிப்பை. அதன்மேல் நூலால் ஒரு இதயம் தைத்திருந்தது. அந்த இதயத்தின் நடுவிலேயே கத்தரி வைத்துப் பையை இரண்டாக வெட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு நூலில் இரண்டு எழுத்துகள், எஸ், சி. சாரா, சார்லஸ். பாதி இல்லத்தில் இருந்தது.

சிவப்பு நூல் ஏன்? அந்தக் காலத்தில் வீட்டுத் துணியெல்லாம் வெளுக்கப் போகும்போது மாறிப்போகாமல் இருக்க, ஓரத்தில் எழுத்து தைத்து வைப்பார்கள். பெரும்பாலும் சிவப்பு நூல்தான், கிராஸ் ஸ்டிச்சில். நம்ம ஊர் டோபி மார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சின்னப் பெண்களுக்கு அ ஆ எழுதச் சொல்லித் தருவதற்கு முன்னாலேயே துணியில் எழுத்து தைக்கச் சொல்லித் தருவது உண்டு. எழுத்து தைக்கிறது அழகுக்கு இல்லை, 'இது என்னுடையது' என்று சொல்வதற்கு. சாரா அதே வேலையைத்தான் செய்திருக்கிறாள். துணிக்குப் பதில் பிள்ளை.

இல்லத்தில் அந்தக் குழந்தைக்கு பெஞ்சமின் ட்வர்ல் என்று பெயர் வைத்தார்கள். சேர்ந்த குழந்தைகளைக் கிராமத்தில் பாலூட்டும் செவிலித்தாயிடம் அனுப்பி, நாலைந்து வயதுக்கு மேல் திரும்பக் கூட்டி வருவது வழக்கம். அதற்குள் எத்தனை குழந்தைகள் பிழைக்கும்? ஸ்டைல்ஸ் தரும் கணக்கு நெஞ்சை அடைக்கிறது. 1741லிருந்து 1760 வரை சேர்ந்தவை 16,282 குழந்தைகள். பெற்றவர்கள் வந்து திரும்ப அழைத்துப் போனது 152 பேரை. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் இறந்தே போய்விட்டன.

சாரா வந்தாள். 1775 ஜூன் 10ஆம் தேதி. எட்டு வருஷம் நாலு மாதம் கழித்து. பையனும் உயிரோடு இருந்தான். கூட்டிக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் பதிவேடு சொல்வது. எட்டு வருஷம் அவள் எங்கே இருந்தாள், என்ன வேலை பார்த்தாள் என்று ஒரு வரி கிடையாது. எட்டு வயதுப் பையன், பெஞ்சமின் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகியவன், இனிமேல் நீ சார்லஸ் என்றால் என்ன நினைத்திருப்பான்! ஒரு ஊசிப்பையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

சரி, துணிக்கு வருவோம். இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இங்கிலாந்தில் இன்றும் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுவேலைகளில் ஒன்று கம்ப்ரியாவில் லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. ஏறக்குறைய 1708ல் தைத்தது. அதில் இருப்பதெல்லாம் இந்தியச் சீட்டித்துணி. நாம் சீட்டி என்கிறோமே, ஆங்கிலத்தில் அதே வார்த்தைதான் சின்ட்ஸ். கேலிகோ என்பது கோழிக்கோட்டின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் வாங்கி மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றியது இதைத்தான். கம்பெனிக்குத் துணி வேண்டும் என்பதற்காகவே நெசவாளர்களைக் குடியேற்றி 1734ல் உண்டான ஊர்தான் சென்னை சிந்தாதிரிப்பேட்டை, அதாவது சின்னத்தறிப்பேட்டை. சோழமண்டலத் துணியின் சிவப்புக்குக் காரணம் நம்ம சாயவேர். எத்தனை முறை துவைத்தாலும் போகாத சாயம் அன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய அதிசயம்.

இது அங்கே இருந்த நெசவாளர்கள் வயிற்றில் அடித்தது. 1719ல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி கவுன் போட்டுப் போன பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள். (யார்மேல் கோபம், யார்மேல் காட்டுகிறார்கள் பாருங்க. எந்த ஊரிலும் இதே கதைதான்.) 1721ல் பார்லிமெண்ட் சட்டமே போட்டு, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் உபயோகிக்கவும் தடை செய்தது. 1774 வரை அந்தத் தடை நின்றது. இடையில், லினனும் பருத்தியும் கலந்த துணியில் நம்ம ஊர்ப் பூவையும் கொடியையும் காப்பியடித்து அங்கேயே அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். காப்பகத் துண்டுகளில் நிறையத் துண்டுகள் இந்த ரகம்தான். ஏழைப் பெண்ணின் ஒட்டுப்பையில் இருக்கும் பூ, கடல் தாண்டிப் போன பூவின் பேத்தி.

தைக்கும் முறையும் சுவாரசியமானது. காகிதத்தை அறுகோணமாகவோ டைமண்டாகவோ வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, பிறகு விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பொடிப் பொடியாகத் தைப்பது. முடிந்ததும் காகிதத்தை உருவிவிடுவார்கள். சோம்பேறித்தனமாக உருவாமல் விட்டவர்களுக்கு நாம் கோயில் கட்டலாம். ஏனென்றால் உள்ளே இருப்பது பழைய கடிதம், கணக்கு நோட்டு, பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள். அதை வைத்துக் காலம் கண்டுபிடிக்கலாம். 1718 என்று வருஷமே தைத்த ஒரு பட்டுப் போர்வை இருக்கிறது, இன்றும் காகிதம் உள்ளேயே இருக்கிறது. நீங்க யாராவது பை தைத்தால் வருஷத்தை எங்கேயாவது ஒரு மூலையில் தைத்து வையுங்க. பெயர் எழுத்தைத் துண்டுகளை இணைப்பதற்கு முன்னாலேயே தைத்துவிடுவது நல்லது. லைனிங் போட்ட பிறகு தைத்தால் பின்பக்க முடிச்செல்லாம் பல்லிளிக்கும்.

பெரிய பெயர்களும் இதில் உண்டு. ஜேன் ஆஸ்டின் 1792 ஜனவரியில், பதினாறு வயதில், வீடு மாறிப்போன தோழி மேரி லாயிடுக்கு ஒரு குட்டிப் பை தைத்து, உள்ளே ஒரு ஹஸ்ஸிஃப், ஊசி, நூல், கூடவே கையால் எழுதின ஒரு சின்னக் கவிதையும் வைத்துக் கொடுத்தார். 1811ல் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் ஒட்டுவேலைக்குத் துண்டு சேர்க்க ஞாபகம் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். நாவல் எழுதுகிறவருக்கும் பிட்டுத்துணிக் கவலை!

ஆனால் எனக்கு ஜேன் ஆஸ்டினைவிட எலிசபெத் ஃப்ரை கொடுத்த பைகள்தான் பெரிசாகத் தெரிகின்றன. 1813ல் இவர் நியூகேட் சிறைக்குள் போய்ப் பெண் கைதிகளின் நிலையைப் பார்த்தார். அன்றைக்குச் சின்னத் திருட்டுக்கே ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்துவார்கள். மூன்று நாலு மாதம் கப்பலில். செய்ய வேலை கிடையாது. 1818லிருந்து ஃப்ரையும் அவரோடு சேர்ந்த பெண்களும் லண்டன் துணி வியாபாரிகளிடம் துண்டுத்துணி கேட்டு வாங்கி, கப்பல் ஏறும் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தையல் பை கொடுத்தார்கள். 100 ஊசி, குண்டூசி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீல நூல்கள், கத்தரி, விரலில் மாட்ட ஒரு திம்பிள், இரண்டு பவுண்டு எடைக்கு ஒட்டுவேலைத் துணி. வழியில் தைத்து முடித்தால் அதை விற்றுக் கையில் நாலு காசோடு இறங்கலாம். யாரும் எதையும் தன்னுடையது என்று சொல்ல முடியாத கப்பலில், சொந்தமாக ஒரு பை.

1841 ஏப்ரலில் ராஜா என்ற கப்பல் 180 பெண் கைதிகளோடு புறப்பட்டது. ஆமாம், பேரே அதுதான். ஜூலை 19ஆம் தேதி ஹோபார்ட் போய்ச் சேர்வதற்குள், அந்தப் பெண்களில் சிலர் தங்கள் பைத் துண்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய போர்வை தைத்து முடித்துவிட்டார்கள். 2,815 துண்டுகள். மூன்றே கால் மீட்டருக்கு மேல் அகல நீளம். ஓரத்தில் கிராஸ் ஸ்டிச்சில், துணி கொடுத்த பெண்களுக்கு நன்றி சொல்லி ஒரு வாசகம். தைத்தவர்கள் ஒருத்தர் பேரும் அதில் இல்லை. தையல்களை உற்றுப் பார்த்தால் கைதேர்ந்தவர் தைத்த இடமும், அன்றைக்குத்தான் ஊசி பிடித்தவர் தைத்த இடமும் பிரித்துச் சொல்லலாமாம். அங்கங்கே சின்னப் பழுப்புக் கறைகள். ஊசி குத்திய விரலின் ரத்தம் என்று கருதுகிறார்கள்.

போர்வை நன்றிக் காணிக்கையாக இங்கிலாந்துக்கே திரும்பிப் போய், பிறகு காணாமல் போய்விட்டது. 1987ல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 1989லிருந்து கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. துணி வெளுத்துவிடும் என்பதால் எப்போதாவதுதான் வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள்.